படகு டிரெய்லர் பராமரிப்பு: காரைக்குடியிலிருந்து தொண்டிக் கரை வரை

செட்டிநாட்டுக்குள் கடல் இல்லை. காரைக்குடியில் புறப்பட்டு தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போனால்தான் உப்புத் தண்ணீர். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இங்கே படகு டிரெய்லர் வைத்திருப்பவருக்கு இந்தத் தூரம்தான் முதல் சிக்கல். கரையோர ஊரில் நிற்கும் டிரெய்லர் கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரம் உருண்டு, சூடு ஏறுவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடும். நம் டிரெய்லர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தார்ச்சாலையில் ஓடி, சக்கரக் குடம் (அச்சு முனையில் சுழலும் ஹப்) சுடச்சுட இருக்கும்போதே கடலில் இறங்குகிறது. பாதி வழியில் சக்கரம் கழன்று நிற்கிற டிரெய்லர்களின் கதை பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான் தொடங்குகிறது.

சூடான குடத்துக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். அது சட்டென்று தண்ணீரில் முங்கும்போது குளிர்ந்து சுருங்கும். உள்ளே அழுத்தம் குறைய, ஆயில் சீலின் (குடத்தின் பின்வாயை அடைக்கும் ரப்பர் வளையத்தின்) உதட்டைத் தாண்டித் தண்ணீர் உறிஞ்சப்படும். சீல் புதிதாக இருந்தாலும் கொஞ்சம் போகும், தேய்ந்திருந்தால் நிறையப் போகும். உள்ளே போன உப்புத் தண்ணீர் கிரீஸோடு கலந்து அதை மோர் போல வெளுக்க வைக்கும். டிரெய்லர் வீட்டில் நிற்கும் நாட்களில் பேரிங் ரோலர்கள் நின்ற இடத்திலேயே துரு பிடிக்கும். அடுத்த பயணத்தில் அந்தத் துரு உரசி, சூடேறி, பேரிங் உடையும். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி குடத்தைப் பற்றித்தான் இருக்கும். மற்றவற்றுக்கு அந்த அளவு இடம் தேவையில்லை.

கரையில் என்ன செய்ய வேண்டும்

தொண்டி வந்ததும் படகை இறக்க அவசரப்படாதீர்கள். இரண்டு குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. மூன்று விநாடிகூடக் கையை வைத்திருக்க முடியாவிட்டால் அது ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுவது இதைவிட முக்கியம். இரண்டும் ஒரே சூடு என்றால் பெரும்பாலும் வெயிலும் ஓட்டமும்தான் காரணம். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்தில் கோளாறு இருக்கிறது.

குடம் ஆற 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. முதலில், விளக்கு வயரின் சாக்கெட்டை இழுவை வண்டியிலிருந்து கழற்றுங்கள். எரிந்து சூடான பல்பு குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். மின்சாரம் ஓடும் வயரில் உப்புநீர் பட்டால் இணைப்புகள் பச்சை பூத்துச் சீக்கிரம் அரித்துப் போகும். அடுத்து, பின்பக்கப் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள், ஆனால் முன்னால் இருக்கும் வின்ச் (படகை இழுத்து ஏற்றும் சுழல் கருவி) கொக்கியை மட்டும் அவிழ்க்காதீர்கள். சரிவில் நிற்கும் ஃபைபர் படகு பின்னால் வழுக்கி மணலில் விழுந்தால் அடிப்பகுதி விரிசல் விடும்.

பாக் நீரிணைப் பக்கம் கரை ஓரம் ஆழம் குறைவு, அடிமண் பல இடத்தில் சேறு. படகு மிதக்க வேண்டும் என்று டிரெய்லரை உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகத் தோன்றும். டிராக்டரின் பின் அச்சு முங்கும் அளவுக்குப் போகாதீர்கள். தண்ணீர் குறைவான இடத்தில் ரோலர் வைத்த டிரெய்லர்தான் கை கொடுக்கும். படகை உருட்டி இறக்கிவிடலாம், குடம் நீரில் முங்கவே தேவையிருக்காது. பலகைத் தாங்கி வைத்த டிரெய்லரில் படகு மிதந்தால்தான் நகரும். புதிதாக டிரெய்லர் செய்யக் கொடுக்கிறவர்கள் ரோலர் கேட்டு வாங்குவது நல்லது.

படகு ஏற்றி வெளியே வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கரையோரம் பல போர் கிணற்றுத் தண்ணீரே உவர். ஒரு வாய் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை. வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கேன் நல்ல தண்ணீரும், வயலுக்கு மருந்து அடிக்கும் 16 லிட்டர் கைத்தெளிப்பானும் எடுத்துப் போங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பான் வேண்டாம், இதற்கென்று ஒன்று தனியாக இருக்கட்டும். குடத்தின் உட்புறம், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, யூ போல்ட் (அச்சை ஸ்பிரிங்கோடு பிணைப்பது), விளக்குக் கூடு, பாக்ஸ் பைப்பின் திறந்த முனை என்ற வரிசையில் அடியுங்கள். குடத்தின் சீலை நோக்கி அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம், அதுவே தண்ணீரை உள்ளே தள்ளும். வீடு வந்த பிறகு ஒருமுறை தாராளமாகக் கழுவிவிடுங்கள்.

கண்மாயில் இறக்குகிறவர்களுக்கு உப்பு இல்லை, ஆனால் வண்டல் உண்டு. செம்மண்ணும் களிமண்ணும் சீல் உதட்டில் ஒட்டிக் காய்ந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஈரம் இருக்கும்போதே கழுவினால் இரண்டு நிமிட வேலை. காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும்.

குடத்தைப் பிரித்துப் பார்த்தல்

கடலில் முங்கும் டிரெய்லருக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை குடத்தைத் திறந்து பார்ப்பது சரியான இடைவெளி. கண்மாயோடு நிற்கும் டிரெய்லருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசியில் செய்தால் போதும். முதன்முதலாகச் செய்கிறவருக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

தேவையானவை: ஜாக்கி, தாங்கு கட்டை, ஸ்பேனர், சுத்தியல், பித்தளை உளி, இடுக்கி, மண்ணெண்ணெய் ஒரு லிட்டர், பஞ்சு நூல் வேஸ்ட் துணி, புதிய ஆயில் சீல் பக்கத்துக்கு ஒன்று, புதிய ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் இரு கால் ஊசி) பக்கத்துக்கு இரண்டு, கிரீஸ் அரை கிலோ.

கிரீஸில் கை சிக்கனம் பார்க்கக் கூடாது. சேஸிஸ் கிரீஸ் என்று மலிவாகக் கிடைப்பது ஸ்பிரிங் பின்னுக்கும் ஷாக்கிளுக்கும்தான். சக்கர பேரிங் சூட்டில் அது உருகி வெளியே வழியும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் அடிப்படையில் 2 அல்லது 3 எண் தடிமன் உள்ள வீல் பேரிங் கிரீஸ் வாங்குங்கள். உப்பு நீரில் அடிக்கடி முங்குவதற்குக் கால்சியம் சல்ஃபொனேட் வகை இன்னும் நல்லது, தண்ணீரில் கரைந்து போகாது. ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். வகை மாற்றுவதாக இருந்தால் பழையதை முழுவதும் கழுவிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

1. டிரெய்லரில் படகு இருக்கக் கூடாது. சிமெண்டுத் தரையில் நிறுத்தி, மறு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இழுவை வண்டியோடு பூட்டியே இருக்கட்டும்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஸ்பிரிங்கை ஒட்டி அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டை அல்லது ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் அடுக்கி நிறுத்துவதைப் பல இடத்தில் பார்க்கலாம். செங்கல் எச்சரிக்கை இல்லாமல் பிளக்கும், அதை நம்பிக் கீழே கையை நுழைக்கவே கூடாது.

3. பிரிப்பதற்கு முன் சோதனை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தெளிவாக ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு ஒரு கையை ஸ்பிரிங் பட்டையில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்புகூட ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும்.

4. சக்கரத்தைக் கழற்றி, குடத்தின் வெளி மூடியைச் சுற்றிலும் மெல்லத் தட்டி எடுங்கள். உள்ளே தெரியும் கிரீஸின் நிறத்தைக் கவனியுங்கள். தேன் நிறமோ அதன் இயல்பான நிறமோ இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் தண்ணீர். கறுத்துத் தார் போல இருந்தால் சூடு. விரலில் தேய்க்கும்போது மணல் போல நெருடி மினுக்கினால் பேரிங் இரும்பு உதிர்கிறது.

5. ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளி பேரிங் என்று வரிசையாகக் கழற்றுங்கள். குடத்தை நேராக இழுத்தால் உள் பேரிங்கும் சீலும் அதோடு வரும். இடது பக்கப் பொருள்கள் ஒரு தட்டு, வலது பக்கப் பொருள்கள் ஒரு தட்டு. பேரிங்கில் ரோலர்களோடு இருக்கும் உள்வளையம் கோன், குடத்தில் இறுகி நிற்கும் வெளிவளையம் கப். ஒரு கப்பில் ஓடிப் பழகிய கோனை இன்னொரு கப்பில் போடக் கூடாது.

6. மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழற்றி விளையாடாதீர்கள், ரோலர் தெறித்துக் கண்ணில் பாயும்.

இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடம்தான் முழு வேலையின் பலன். நீலம் அல்லது பழுப்பு நிறம் ஏறியிருந்தால் அந்த இரும்பின் கடினம் போய்விட்டது. அது பளபளப்பாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். கப்பின் உட்பரப்பில் ரோலர்களின் இடைவெளியிலேயே கோடு கோடாகக் கறை இருந்தால், தண்ணீர் புகுந்த பிறகு டிரெய்லர் நீண்ட நாள் அசையாமல் நின்றிருக்கிறது என்று பொருள். நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் மாற்றுங்கள், தட்டாவிட்டால் ஓட்டலாம். புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தால் பேச்சே இல்லை. மாற்றும்போது கப், கோன் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சீல் உட்காரும் இடத்தில் அச்சு முனையையும் பாருங்கள். அங்கே சீலின் உதடு தேய்த்த பள்ளம் இருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் தண்ணீர் புகும். லேசான கீறல் என்றால் 400 அல்லது 600 எண் எமரித் தாளால் சுற்றுவாக்கில் மெருகேற்றலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து அதன்மேல் மெல்லிய வளையம் ஏற்ற வேண்டும். ‘போன மாதம்தானே சீல் மாற்றினோம், மறுபடி எப்படித் தண்ணீர் வந்தது’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துப் போங்கள். கோனின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 302, 322 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும். 30206 என்றால் 30 மி.மீ., 30208 என்றால் 40 மி.மீ. எழுத்தோடு தொடங்கும் எண்கள் அங்குலக் கணக்கு, அவற்றுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. சீலில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு இரட்டை உதடு உள்ள சீல் கேளுங்கள்.

7. கப் மாற்ற வேண்டியிருந்தால் குடத்தின் உள்ளே இருக்கும் பள்ளம் வழியாகப் பித்தளை உளி வைத்து, ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணலாகச் சிக்கிக் குடத்தின் உட்சுவரைக் கீறிவிடும். புதிய கப்பை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, குடத்தை வெயிலில் போட்டுவையுங்கள். எளிதில் இறங்கும். பழைய கப்பையே மேலே வைத்து அடிக்கலாம். அடி வரை உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மந்தமான ஒலியிலிருந்து கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

8. கிரீஸ் ஏற்றுவது: இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கோனின் அகன்ற பக்கத்தை அதன் ஓரத்தில் வைத்து அழுத்தி அழுத்தி இழுங்கள். ரோலர் இடுக்குகள் வழியாகக் கிரீஸ் மறுபக்கம் புழு போல எட்டிப் பார்க்க வேண்டும். கோனைச் சற்றே திருப்பி அடுத்த இடம். முழுச் சுற்றும் அப்படியே. மேலே பூசிவிட்டால் உள்ளே காற்றுதான் இருக்கும். குடத்தின் நடு வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி கிரீஸ் போதும். முழுவதும் அடைத்தால் கிரீஸ் கடைபட்டுத் தானே சூடாகும், விரிந்து சீலைத் தள்ளும்.

9. உள் பேரிங்கை வைத்து, சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் குடத்துக்குள் பார்க்குமாறு வைத்து, தட்டையான மரத்துண்டால் சமமாகத் தட்டி இறக்குங்கள். உதட்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள். உலர்ந்த உதடு முதல் சில கிலோமீட்டரிலேயே கருகும்.

10. குடத்தை ஏற்றி, வெளி பேரிங், வாஷர், நட்டு போடுங்கள். குடத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 14 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்தமோ, சிறிய டிரெய்லருக்கு ஏறத்தாழ அவ்வளவு. இது பேரிங்கை அதன் இடத்தில் உட்கார வைக்கத்தான். அப்படியே விட்டுவிட்டால் 10 கிலோமீட்டரில் பேரிங் பொசுங்கும். நட்டை முழுவதும் தளர்த்தி, குடத்தைச் சுற்றாமல், இப்போது விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னின் துளை நேராகாவிட்டால் தளரும் பக்கமாக அடுத்த துளைக்குக் கொண்டுபோங்கள், இறுகும் பக்கமாக அல்ல. ஆட்டிப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு மட்டும் ஆட்டம் இருக்க வேண்டும்.

11. புதிய ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் மடியுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், மடித்த இடத்தில் அது ஒடியும். அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியோ ஆணியோ செருகுவது அதைவிட மோசம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது மாட்டுவண்டிக் கடையாணிக்குப் பொருந்தியது போலவே சில ரூபாய் விலையுள்ள இந்தப் பின்னுக்கும் பொருந்தும்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 12 மி.மீ. ஸ்டட் என்றால் 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதாவது தொண்டி போய்ச் சேர்ந்ததும், மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டு முதல் ஓட்டத்தில் சற்றுத் தளர்வது வழக்கம்.

குடத்தில் நிப்பிள் வைத்து வெளியிலிருந்தே கிரீஸ் அடிக்கும் ஏற்பாடும் உண்டு. வசதிதான், ஆனால் கிரீஸ் கன்னை இரண்டு மூன்று அழுத்துக்கு மேல் அடித்தால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும். கிரீஸ் அடித்தோம் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் விட்டுவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

டயர்

டயரில் புதியவர்கள் செய்யும் பிழை காற்றைக் கண்ணால் அளப்பது. பாரம் இல்லாத டிரெய்லரில் பாதிக் காற்று இருந்தாலும் டயர் நிமிர்ந்தே நிற்கும். படகு ஏறிய பின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்து, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

தேய்மானம் நிறையச் சொல்லும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது அல்லது யூ போல்ட் தளர்ந்து அச்சு கோணலாக நகர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சக்கர நடுவிலிருந்து இழுகொக்கி வரை நூல் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் பேரிங் ஆட்டம். வளைந்த அச்சைக் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைக்குத் தலையாட்ட வேண்டாம். காய்ச்சிய இடத்தில் இரும்பின் வலு போய்விடும், மாற்றுவதே சரி.

படகு டிரெய்லரின் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே அதிகம் கெடுகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு ஏழு ஆண்டு ஆகி, பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தால் தரையில் படும் பூ நன்றாக இருந்தாலும் நீண்ட ஓட்டத்துக்கு எடுக்காதீர்கள். நிறுத்தும்போது சக்கரத்தின் மேல் தென்னங்கீற்று சாத்தி வைத்தால்கூட நல்ல வித்தியாசம் தெரியும்.

இழுகொக்கியும் பாரமும்

டிராக்டரில் பின் போட்டு இழுப்பவர்கள் பின்னின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கேதான் தேயும். பத்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். வளையத்தின் துளை நீள்வட்டமாகியிருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் அடி விழும். பின்னுக்கு அடியில் பூட்டும் கிளிப் கட்டாயம். ஜீப்பிலோ பிக்கப்பிலோ உருண்டைக் கொக்கி என்றால் உருண்டையும் மூடியும் ஒரே அளவா என்று பாருங்கள், 50 மி.மீ. உருண்டைக்கு வேறு அளவு மூடி போட்டால் மேட்டில் ஏறும்போது கழன்றுவிடும். காப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் முன்தண்டு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

டிரெய்லர் பாம்பு போல நெளிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான். மொத்த எடையில் ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு கொக்கியில் அழுந்த வேண்டும். 800 கிலோ என்றால் 56 முதல் 80 கிலோ. நெல் மூட்டை நிறுக்கும் எடை மேடையில், பூட்டும் உயரத்துக்குக் கட்டை வைத்து முன்தண்டை நிறுத்தினால் அளவு தெரியும். ஃபைபர் படகில் எஞ்சின் பின்னால் இருப்பதால் பாரம் இயல்பாகவே பின்னே சரியும். ஈர வலை, டீசல் கேன், ஐஸ் பெட்டி மூன்றையும் முன்னால் நகர்த்துங்கள். அப்படியும் போதாவிட்டால் வின்ச் தூணை முன்னே நகர்த்திப் படகையே முன்னால் கொண்டுவர வேண்டும். நெளியத் தொடங்கினால் பிரேக்கைப் போட்டு மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

படகின் பாரம் அதன் நடு அடிக்கட்டையில் இறங்க வேண்டும். பக்கத் தாங்கிகள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். பக்கத் தாங்கியில் பாரம் ஏறினால் ஃபைபர் அந்த இடத்தில் உள்வாங்கும். தாங்கியில் ஒட்டிய கார்ப்பெட் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கழுவும்போது அதையும் நனைத்துப் பிழியுங்கள். வின்ச் கம்பிக் கயிற்றில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டினாலும் கயிற்றை மாற்றிவிடுங்கள்.

விளக்கு

விளக்குக் கோளாறில் பெரும்பகுதி எர்த் கோளாறு. அடையாளம் எளிது: இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும், பிரேக் மிதித்தால் எல்லாம் மங்கும். எர்த்தைக் கொக்கி வழியாகவோ சட்டத்தின் துரு வழியாகவோ விட்டிருப்பார்கள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சாக்கெட் வரை தனி எர்த் வயர் இழுத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். ஏழு பின் சாக்கெட்டில் 31 என்று பொறித்த பின் எர்த், எல் இடது இண்டிகேட்டர், ஆர் வலது, 54 பிரேக். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், இடையில் கை வைத்த ஒவ்வொருவரும் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள். 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்று வைத்துப் ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது உப்புக் காற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காது. ஈயம் வைத்துச் சுருங்கு குழாய் போடுங்கள். நீர் புகாத எல்.இ.டி. விளக்கும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் கட்டாயம். படகு டிரெய்லரைத் தாண்டிப் பின்னே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் முனையிலும் சிவப்புத் துணியும் பிரதிபலிப்பானும் கட்டுங்கள்.

சட்டத்தில் துரு

பாக்ஸ் பைப் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்ற ஒலி சொத்தையாக மாறும் இடத்தில் ஊசியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் தாழ்ந்த முனைகளில் 8 மி.மீ. வடிதுளை போட்டால் பைப்பின் ஆயுள் கூடும். புதிதாகச் செய்யக் கொடுக்கிறவர்கள், வெல்டிங் முழுவதும் முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கித் தரச் சொல்லலாம். செலவு கூடும், உப்புத் தண்ணீருக்கு அது ஈடான செலவுதான். துத்தநாகம் பூசிய சட்டத்தில் பின்னால் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகத்தை அகற்றிவிட்டு வையுங்கள். அதன் புகை காய்ச்சல் கொடுக்கும்.

வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து ரோலர்களில் பொறிக்குழி விழும். பேரிங் எதனால் போனது என்று பிறகு யாருக்கும் விளங்காது. இழுவை வண்டியின் சாக்கெட்டையும் கழற்றிவிட வேண்டும்.

யூ போல்ட் நட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறுக்குங்கள். ஸ்பிரிங் பட்டைகளின் நடுவில் ஒரு பட்டை மட்டும் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நடு போல்ட் அறுந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் அச்சு பின்னே நழுவும்.

வழியில் கோளாறு வந்தால்

திருவாடானைக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் குடம் கொதித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏன் என்பது மேலே சொன்னதுதான், சீல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும், சூடான இரும்பும் விரிசல் விடலாம். நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, மூடியைத் திறந்து பாருங்கள். கிரீஸ் இருந்து, சக்கரம் கரகரப்பின்றிச் சுற்றினால் நட்டு அதிகம் இறுகியிருக்கலாம். ஒரு துளை தளர்த்தி, 5 கிலோமீட்டருக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். ரோலர் உடைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உடைந்த பேரிங்கோடு உருட்டினால் அச்சு முனையே தேய்ந்து, 1 பேரிங்கில் முடிய வேண்டிய செலவு முழு அச்சுக்குப் போகும்.

ரிம்மின் உட்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் சீல் போய்விட்டது. அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், மறுபடி தண்ணீரில் இறக்கக் கூடாது. டிரம் பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு பக்கம் சுட்டால் பேரிங்கைப் பிரிக்கும் முன் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், உப்பில் நின்ற லைனிங் டிரம்மோடு பற்றிக்கொள்வது உண்டு.

கூடவே கொண்டுபோக வேண்டியது: காற்று நிரப்பிய மாற்றுச் சக்கரம், அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஜாக்கி, சேற்றில் ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு அடிப் பலகை, ஸ்பிளிட் பின் நான்கு, கிரீஸ், டார்ச். இதோடு இன்னொன்று சேர்க்க முடிந்தால், பேரிங்கும் சீலும் போட்டு கிரீஸ் ஏற்றித் தயாராக வைத்த முழுக் குடம் ஒன்று. சாலையோரத்தில் கப்பைத் தட்டி எடுப்பது நடக்காத வேலை, குடத்தையே மாற்றுவது அரை மணி நேர வேலை. அதை எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடியுள்ள பெயின்ட் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் பேரிங் எண்ணையும் சீல் அளவையும் எழுதி ஒட்டி வையுங்கள்.